பட்டா முதல் பாஸ்புக் வரை: விசிட்டர் விசாவுக்குத் தமிழ் ஆவணங்களை மொழிபெயர்ப்பது எப்படி

விசா அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்முன் இருப்பவை உங்கள் பாஸ்போர்ட், தமிழில் ஒரு தாள், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழ்த் தாளில் அவரால் படிக்க முடிவது எண்களும் தேதிகளும்தான். முத்திரை எங்கே விழுந்திருக்கிறது, கையெழுத்து எத்தனை இருக்கிறது என்றும் பார்ப்பார். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு தாள்களையும் ஒப்பிடுவார். தமிழில் ஆறு வரிசை எண்கள் இருந்து ஆங்கிலத்தில் நான்கே இருந்தால், மீதி இரண்டு எங்கே போயின என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடும். இந்த வேலையில் ஆங்கில நடை அழகாக இருக்க வேண்டியதில்லை. வரிக்கு வரி, முத்திரைக்கு முத்திரை பொருந்தினால் போதும்.

இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் தமிழ்நாட்டு ஆவணங்களைப் பற்றி. இலங்கை ஆவணங்களுக்கு எங்கே வேறுபாடு உண்டோ அங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

முதல் வேலை: மொழிபெயர்க்க வேண்டாதவற்றை ஒதுக்குவது

கையில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் மொழிபெயர்ப்பாளரிடம் கொட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. செலவு ஒருபுறம் இருக்கட்டும். பக்கம் கூடக் கூடப் பிழைக்கான இடமும் கூடுகிறது. முதலில் ஒவ்வொரு ஆவணமும் எதை நிரூபிக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: பணம் இருக்கிறது, வேலை அல்லது தொழில் இருக்கிறது, சொத்து இருக்கிறது, குடும்பம் இங்கே இருக்கிறது, அழைப்பவர் இன்ன உறவு. ஒரே விஷயத்தை நான்கு ஆவணங்கள் நிரூபித்தால், அதில் குட்டையானதை எடுங்கள்.

நாற்பது பக்கக் கிரயப் பத்திரத்தைவிட ஒரு பக்கப் பட்டா மேல். பத்திரத்தை வைக்கிறேன், ஆனால் முக்கியமான இரண்டு பக்கத்தை மட்டும் மொழிபெயர்க்கிறேன் என்பது வேலைக்கு ஆகாது. பிரிட்டன் போன்ற நாடுகள் முழு மொழிபெயர்ப்பு என்றே கேட்கின்றன. பாதி மொழிபெயர்த்த ஆவணம் எதையோ மறைக்கும் ஆவணமாகத் தெரியும்.

அடுத்து, ஏற்கெனவே ஆங்கிலம் உள்ளவற்றைப் பிரியுங்கள். ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் இரண்டு மொழிகளும் உண்டு. பிறப்புச் சான்றிதழ் அண்மையில் எடுத்ததானால் அநேகமாக இருமொழியில்தான் இருக்கும். பழைய கையெழுத்துப் பிரதி மட்டும் உங்களிடம் இருந்தால், அதை மொழிபெயர்ப்பதற்குப் பதில் புதிய பிரதி எடுங்கள். இருமொழி ஆவணத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தலைப்புகள் மட்டும் இரண்டு மொழியில் இருந்து, நிரப்பிய விவரங்கள் தமிழில் மட்டும் இருந்தால் அது தமிழ் ஆவணமே. மொழிபெயர்ப்பு தேவை.

வங்கிக் கணக்கு விவரம் ஆங்கிலத்தில் கிடைக்கும். சிக்கல் கூட்டுறவுச் சங்கங்களில்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பாஸ்புக்கில் கையால் எழுதிய தமிழ்ப் பதிவுகளைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்க்கக் கிளம்பாதீர்கள். இருப்பு, வைப்புத் தொகை, கணக்குத் தொடங்கிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, சங்கத்தின் தலைப்புத் தாளில் செயலாளர் கையொப்பத்துடன் ஆங்கிலக் கடிதம் ஒன்று கேளுங்கள். அலுவலகமே ஆங்கிலத்தில் தரும் தாள் எந்த மொழிபெயர்ப்பையும்விட வலுவானது.

இப்படிக் கழித்த பிறகு, சாதாரணமாக ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முதல் ஆறு ஆவணங்கள் மிஞ்சும்: பட்டா, குடும்ப அட்டை, பழைய திருமணச் சான்று, வாரிசுச் சான்று, நில வரி ரசீது, இப்படி.

எந்த நாடு எதைக் கேட்கிறது

போகும் நாட்டின் விதியைப் படிக்காமல் மொழிபெயர்ப்பாளரிடம் போகாதீர்கள். நாட்டுக்கு நாடு வேறுபடுவது மொழிபெயர்ப்பு அல்ல, அதன் அடியில் வரும் சான்றுரை.

பிரிட்டன்: ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத ஒவ்வொரு ஆவணத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு. அதில் நான்கு விஷயங்கள் கட்டாயம்: இது மூலத்தின் துல்லியமான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, மொழிபெயர்த்த தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயரும் கையொப்பமும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம். உள்துறை அமைச்சகம் தானாகவே சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. கட்டாயத்தில் நோட்டரி இல்லை.

கனடா: ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. மொழிபெயர்ப்பாளர் ஒரு தொழில்முறை அமைப்பின் சான்று பெற்ற உறுப்பினராக இல்லாவிட்டால், அவருடைய பிரமாணப் பத்திரம், அதாவது அஃபிடவிட், சேர வேண்டும். தமிழ்நாட்டில் செய்யும்போது இது நோட்டரி முன்னிலையில் சத்தியம் செய்து கையெழுத்திடுவது. மூல ஆவணத்தின் பிரதியும் வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்தும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். யார் செய்யக் கூடாது என்ற பட்டியலும் நீளம்: விண்ணப்பதாரர், பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், தாத்தா பாட்டி, மாமா, சித்தி, உடன்பிறந்தோரின் பிள்ளைகள், ஒன்றுவிட்ட சகோதரர் வரை. குடும்பத்தில் ஒருவர் ஆங்கிலப் பேராசிரியர் என்றாலும் செல்லாது.

ஆஸ்திரேலியா: அந்நாட்டுக்குள் மொழிபெயர்த்தால் நாட்டி (NAATI) எனப்படும், மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர் செய்ய வேண்டும். வெளியே மொழிபெயர்த்தால் அந்த அங்கீகாரம் தேவையில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் தன் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த மொழியில் தனக்குள்ள தகுதியும் அனுபவமும் எழுத வேண்டும். கடைசிப் பகுதியைத்தான் நம்மூர் நிறுவனங்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன.

நியூசிலாந்து: 2025 மே 26 முதல் விசிட்டர் விசாவின் துணை ஆவணங்களுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயமாகிவிட்டது. விண்ணப்பதாரரோ குடும்பத்தாரோ விண்ணப்பத்துக்கு உதவும் குடிவரவு ஆலோசகரோ மொழிபெயர்க்கக் கூடாது.

ஒரே விசாவில் சுற்றிவர முடிகிற ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் ஒவ்வொரு தூதரகத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். சில ஆங்கிலத்தை ஏற்கும், சில தங்கள் மொழியைக் கேட்கும். விண்ணப்பிக்கும் தூதரகத்தின் சோதனைப் பட்டியலைப் பார்ப்பது ஒன்றே வழி. அமெரிக்காவின் பி-1/பி-2 (வணிக, சுற்றுலா) விசா பெரிதும் டி.எஸ்.-160 என்ற இணைய விண்ணப்பப் படிவத்தையும் நேர்காணலையும் நம்பியது. காகிதத்தைப் பார்க்காமலே முடிவு சொல்வதும் உண்டு. ஆனாலும் நீட்டும்போது ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரை பற்றி ஏஜென்ட்டுகள் பயமுறுத்துவார்கள். விசிட்டர் விசாவுக்குச் சாதாரணமாக அது தேவைப்படுவதில்லை. தூதரகத்தின் பட்டியலில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

யாரிடம் கொடுப்பது, நோட்டரி என்ன செய்வார்

இலங்கையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று அதிகாரபூர்வமாகப் பதிவுபெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் முத்திரை அங்கே சான்றாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் அப்படி நாடு தழுவிய ஒரு முறை இல்லை. மொழிபெயர்ப்பு நிறுவனமோ தனி மொழிபெயர்ப்பாளரோ செய்து, தேவைப்பட்டால் நோட்டரியிடம் போவதே நடைமுறை. 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம், ஆவணத்தை மொழிபெயர்க்கவும் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் நடப்பில் பெரும்பாலான நோட்டரிகள் செய்வது கையொப்பத்துக்குச் சாட்சி சொல்வது மட்டும்தான். சிவப்பு முத்திரை விழுந்துவிட்டது என்பதால் மொழிபெயர்ப்பு சரியாகிவிடாது. பிழையோடு இருந்தால் அது நோட்டரி முத்திரை பதித்த பிழை, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் போதும். தலைப்புத் தாளில் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சலுடன் தருவீர்களா? கையெழுத்திடுபவர்தான் மொழிபெயர்ப்பவரா? வருவாய்த் துறை ஆவணம் செய்த பழக்கம் உண்டா? மூன்றாவதைச் சோதிக்க எளிய வழி, ‘பசலி என்றால் என்ன’ என்று கேட்பது (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு அது). விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

முன்கூட்டியே கையெழுத்தும் முத்திரையும் போட்ட வெற்றுத் தாள்களை வைத்துக்கொண்டு, ஏஜென்ட் அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து தரும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தொடர்புகொண்டு கேட்டால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் ஆவணம் பற்றி எதுவும் தெரியாது. தவறான ஆவணம் தந்ததாக முடிவானால் கனடா 5 ஆண்டுகள் வரக் கூடாது என்கிறது. பிரிட்டனில் தடை 10 ஆண்டுகள் வரை போகலாம். பழி விழுவது விண்ணப்பதாரர் மேல், ஏஜென்ட் மேல் அல்ல.

இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவுக்கு வேண்டுமானால் யாராவது பயன்படுத்திக்கொள்ளட்டும். அப்படியே அனுப்பினால் என்னாகும் என்பதற்கு முகவரிப் பகுதியே சாட்சி. மேலத்தெரு ‘அப்பர் ஸ்ட்ரீட்’ ஆகிவிடும், கீழத்தெரு ‘லோயர் ஸ்ட்ரீட்’. தமிழில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு என்பது இயந்திரத்துக்குத் தெரிவதில்லை. தாமரை என்ற பெண்ணின் பெயர் பூவாகும், நல்லதம்பி யாருக்கோ நல்ல தம்பியாவார். ‘செல்வி’ என்பது ஓரிடத்தில் பெயர், ஓரிடத்தில் திருமணமாகாதவர் என்ற அடைமொழி.

பெயர்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

மொழிபெயர்ப்பாளருக்கு ஆவணத்துடன் ஒரு பெயர்த்தாளும் கொடுங்கள். ஆவணங்களில் வரும் ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்போர்ட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே அதில் இருக்கட்டும். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டல். ஊர், வட்டம், மாவட்டப் பெயர்களும் சேரட்டும். இது இல்லாமல் கொடுத்தால் மூர்த்தி ஒரு தாளில் ஒரு விதமாகவும் அடுத்த தாளில் வேறு விதமாகவும் வருவார்.

தமிழின் ஓர் எழுத்து ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்தாகலாம் என்பதே காரணம். ‘ச. முருகன்’ என்பதில் அந்தச் ச, அப்பா சண்முகம் என்றால் ‘எஸ்’, செல்லையா என்றால் ‘சி’. ‘த’வுக்கு டி-யும் வரும், டி.ஹெச்.-உம் வரும். ‘ப’ பழனியானால் ‘P’, பாலுவாக இருந்தால் ‘B’. அப்பாவின் பெயர் தெரியாமல் தலைப்பெழுத்தை ஆங்கிலத்தில் எழுதவே முடியாது.

எல்லையும் உண்டு. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பாஸ்போர்ட்டின்படி எழுதுவது சரி. தமிழிலேயே பெயர் வேறாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்தக் கூடாது. பட்டாவில் ‘முருகேசன்’, பாஸ்போர்ட்டில் முருகன் என்றால், மொழிபெயர்ப்பிலும் முருகேசன்தான். இருவரும் ஒருவரே என்பதை விண்ணப்பத்தோடு வைக்கும் முகப்புக் கடிதத்திலும், தேவையானால் தனி அஃபிடவிட்டிலும் நீங்கள் சொல்ல வேண்டும். அதேபோல், தமிழில் ‘ச. முருகன்’ என்று இருப்பதை, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கிறதே என்று மொழிபெயர்ப்பிலும் விரித்துவிடக் கூடாது.

‘த/பெ’, ‘க/பெ’ இரண்டையும் தலைப்பெழுத்து என்று நினைத்துப் பெயரோடு ஒட்டிவிடும் மொழிபெயர்ப்புகள் வருகின்றன. முன்னது தகப்பனார் பெயர், பின்னது கணவர் பெயர். ‘காலஞ்சென்ற’, ‘வகையறா’ ஆகியவற்றையும் விடக் கூடாது. ‘வகையறா’ என்ற ஒரு சொல், சொத்து கூட்டாக இருப்பதைக் காட்டுகிறது. அதை விழுங்கினால் முழுச் சொத்தும் உங்களுடையது என்று காட்டியதாகிவிடும்.

பதவிப் பெயர்களுக்கும் வழக்கில் உள்ள ஆங்கிலமே வேண்டும். வட்டாட்சியர் என்றால் தாசில்தார், சார்பதிவாளர் சப்-ரிஜிஸ்ட்ரார், கிராம நிர்வாக அலுவலர் வில்லேஜ் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஆபீசர். இலங்கையில் பிரதேச செயலாளர் டிவிஷனல் செக்ரட்டரி, கிராம அலுவலர் கிராம நிலதாரி. சொல்லுக்குச் சொல் புதிதாகக் கண்டுபிடித்த பதவியை எந்த அதிகாரியும் இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஊர்ப் பெயரில் ஒரு சிறு எச்சரிக்கை. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எனவே பழைய எழுத்துக்கூட்டலே நடப்பில் உள்ளது. மாவட்டம் பிரிந்திருந்தால் ஆவணத்தில் உள்ளதை மாற்ற வேண்டாம். 2019க்கு முந்தைய பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருந்து, ஊர் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருந்தால், மொழிபெயர்ப்பில் திருநெல்வேலியே இருக்கட்டும். விளக்கம் முகப்புக் கடிதத்தில்.

பட்டாவும் நில ஆவணங்களும்

பட்டா ஒரு பக்கம்தான். ஆனால் பிழைக்கு இவ்வளவு இடம் தரும் ஒரு பக்கம் வேறில்லை.

பரப்பு பட்டாவில் ஹெக்டேர் - ஏர் என்ற கணக்கில் வரும். ‘0 - 45.50’ என்றால் 0 ஹெக்டேர், 45.50 ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். ஆக இது ஏறத்தாழ 1 ஏக்கர் 12 சென்ட். இதை 45.50 ஏக்கர் என்று எழுதிய மொழிபெயர்ப்பு, விண்ணப்பதாரரை ஒரே வரியில் பெரும் பண்ணையார் ஆக்கிவிடும். படிவத்தில் நீங்கள் ஓர் ஏக்கர் என்று நிரப்பியிருப்பீர்கள். மொழிபெயர்ப்பில் மூல அளவை அப்படியே வைத்து, ஏக்கர் கணக்கைச் சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகத் தருவதே முறை. சென்ட் என்ற அளவு ஆவணத்தில் வந்தால் அதற்கும் குறிப்பு வேண்டும்: 1 சென்ட் 435.6 சதுர அடி. கிரவுண்டு 2,400 சதுர அடி. வெளிநாட்டு அதிகாரிக்குச் சென்ட் என்றால் சில்லறைக் காசு.

தீர்வை என்ற பத்தியில் ரூபாய், பைசாவில் ஒரு சின்னத் தொகை இருக்கும். அது நில வரி. அதை ‘வேல்யூ’ என்று மொழிபெயர்த்தால் உங்கள் ஒரு ஏக்கர் நிலத்தின் மதிப்பு சில ரூபாய் என்று ஆகும். ‘லேண்ட் ரெவின்யூ அசெஸ்மென்ட்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

நன்செய் நிலத்தை ‘வெட்லேண்ட்’ என்று ஒரே சொல்லாக எழுதினால் ஆங்கிலத்தில் அது சதுப்பு நிலம். நன்செய் என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி, பாசன வசதியுள்ள விளைநிலம் என்று குறிப்பு தருவது பாதுகாப்பு. புன்செய்க்கு மானாவாரி விளைநிலம் என்ற பொருள் வரட்டும். புல எண், உட்பிரிவு எண் இரண்டும் தனித்தனி. ‘112/3ஏ’ என்பதை ‘112/3’ என்று சுருக்கினால் அது வேறு நிலம்.

பட்டாவின் அடியில், விவரம் மின் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது, இன்ன குறிப்பு எண்ணை இணையத்தில் இட்டுச் சரிபார்க்கலாம் என்ற சிறு எழுத்து இருக்கும். எல்லோரும் விட்டுவிடும் பகுதி இது. அதிகாரிக்கு மிகவும் பயன்படும் பகுதியும் இதுதான், ஏனென்றால் ஆவணம் உண்மையா என்று அவரே பார்க்கும் வழி அங்கே இருக்கிறது. ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்கச் செய்யுங்கள்.

பத்திரத்தை வைத்தே தீர வேண்டும் என்றால் நான்கெல்லையைக் கவனியுங்கள். ‘ராமன் நிலத்துக்குக் கிழக்கு’ என்றால் உங்கள் நிலம் ராமன் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அதாவது ராமன் நிலம் உங்களுக்கு மேற்கு எல்லை. ஆங்கிலத்தில் கிழக்கு எல்லை ராமன் நிலம் என்று தலைகீழாக்குவது சர்வ சாதாரணம். விசா முடிவை இது மாற்றாமல் இருக்கலாம். ஆனால் வரைபடமும் பத்திரமும் சேர்ந்து வைக்கப்பட்டால் முரண் பளிச்சென்று தெரியும்.

தேதி, ஆண்டு, தொகை

நாம் 05.04.2024 என்று எழுதுவது ஏப்ரல் 5. அமெரிக்கப் பழக்கம் உள்ளவருக்கு அது மே 4. மொழிபெயர்ப்பில் மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

வருவாய்த் துறைத் தாள்களிலும் நில வரி ரசீதிலும் பசலி ஆண்டு வரும். தமிழ்நாட்டில் பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும்; பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. குறிப்பு இல்லாமல் 1434 என்று மட்டும் இருந்தால் படிப்பவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசுக் கடிதங்களில் திருவள்ளுவர் ஆண்டு இருக்கும். அது ஆங்கில ஆண்டைவிட 31 அதிகம், 2025க்கு 2056. எதிர்காலத் தேதியிட்ட போலி ஆவணம் என்று தோன்றாமல் இருக்க இதற்கும் ஒரு குறிப்பு அவசியம். மூல எண்ணை நீக்கிவிட்டு ஆங்கில ஆண்டை மட்டும் எழுதக் கூடாது, ஒப்பிடும்போது பொருந்தாது.

தொகைகளை ரூபாயிலேயே விடுங்கள். மொழிபெயர்ப்புக்குள் டாலர், பவுண்டு கணக்கு வரக் கூடாது. லட்சம், கோடியை எழுத்தால் எழுதியிருக்கும் இடத்தில் எண்ணிலும் தரலாம்: பன்னிரண்டரை லட்சம் என்றால் 12,50,000. காற்புள்ளி மூன்று மூன்றாக இல்லாமல் இரண்டிரண்டாக வருவதைப் பார்த்து யாரும் தடுமாறாமல் இருக்க, முகப்புக் கடிதத்தில் ஒரு வரியில் அந்நாட்டுப் பணத்தில் தோராயமாகச் சொல்லிவிடுங்கள்.

உறவுமுறைகள்

தமிழில் அண்ணன் என்றால் கூடப்பிறந்தவராகவும் இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். தமிழ்க் கடிதத்தில் ‘என் தம்பி’ என்று அழைப்பவர் எழுதி, அதை ‘பிரதர்’ என்று மொழிபெயர்த்து, படிவத்தின் உடன்பிறந்தோர் பகுதியில் அந்தப் பெயரே இல்லாமல் போனால், அதிகாரி கண்ணில் அது பொய். அழைப்புக் கடிதத்தை அழைப்பவர் ஆங்கிலத்திலேயே எழுதி, ‘என் தந்தையின் அண்ணன் மகன்’ என்று உறவின் வழியை விளக்கிச் சொல்வதே சிறந்தது. சித்தப்பா, மாமா, பெரியப்பா மூவரும் ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ ஆகிவிடுவார்கள். ஆவணத்தில் வரும் உறவுகளைத் தந்தையின் தம்பி, தாயின் சகோதரர் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

கல்யாணப் பத்திரிகையைச் சேர்ப்பவர்கள் நிறைய. அதில் பெயர்களும் அடைமொழிகளும் தமிழ் மாதத் தேதிகளுமே அதிகம். திருநிறைச்செல்வன், திருநிறைச்செல்வி இரண்டும் மரியாதை அடைமொழிகள். பெயரின் பகுதி அல்ல. முடிந்தால் விழா வீட்டாரிடம் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அடிக்கச் சொல்வது எளிது.

தாளின் அமைப்பும் சான்றுரையும்

மூலத்தில் அட்டவணை இருந்தால் மொழிபெயர்ப்பிலும் அதே பத்திகள், அதே வரிசை. வெற்றாக இருக்கும் கட்டத்தை ‘வெற்று’ என்று குறிக்க வேண்டும். முத்திரை இருக்கும் இடத்தில் சதுர அடைப்புக்குள் வட்ட முத்திரை, அதில் உள்ள வாசகம், கையெழுத்து இருந்தால் கையொப்பம், படிக்க முடியாவிட்டால் படிக்க இயலவில்லை. ஊகித்து நிரப்புவதைவிட படிக்க இயலவில்லை என்பது மேல். அடித்துத் திருத்தியது, ஓரக் குறிப்பு, பின்பக்க எழுத்து எல்லாம் வர வேண்டும். குடும்ப அட்டையின் பின்பக்கத்தை மறப்பது வழக்கமான தவறு.

சான்றுரை ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனியாக இருக்கட்டும். ஐந்து ஆவணத்துக்கும் சேர்த்து ஒன்று என்றால், கோப்புகள் பிரித்து ஏற்றப்படும்போது நான்கு அநாதையாகும். அதில் இருக்க வேண்டியவை: எந்த ஆவணம், அதன் எண், எத்தனை பக்கம், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு என்ற குறிப்பு, மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு மொழியும் தெரியும் என்ற உறுதி, இது முழுமையானது, துல்லியமானது என்ற உறுதி, முழுப் பெயர், கையொப்பம், தேதி, முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், தகுதியும் அனுபவமும். எல்லாவற்றையும் ஒரே சான்றுரையில் போட்டுவிட்டால் மேலே சொன்ன நாடுகள் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும். கனடாவுக்கு மட்டும் அஃபிடவிட்டைச் சேர்க்க வேண்டும். பல பக்கம் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பமும், 3இல் 1 என்பது போன்ற பக்க எண்ணும்.

கையெழுத்துக்கு முன் சரிபார்ப்பு

வரைவை வாங்கிப் பாருங்கள். முத்திரை விழுந்த பிறகு திருத்தினால் எல்லாம் மறுபடி. ஒரு முறை எண்களை மட்டும் பாருங்கள்: புல எண், பட்டா எண், கணக்கு எண், தேதி, தொகை. இருவராக உட்கார்ந்து, ஒருவர் தமிழ்த் தாளில் உள்ளதை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் ஆங்கிலத்தில் டிக் செய்வது நல்ல வழி. தனியாகப் பார்த்தால் கண் ஏமாற்றும். இரண்டாம் முறை பெயர்களை மட்டும், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக. மூன்றாம் முறை விண்ணப்பப் படிவத்துடன்: அதில் நீங்கள் நிரப்பிய தேதி, நிலப் பரப்பு, உறவு ஆகியவை மொழிபெயர்ப்போடு ஒத்துப்போகின்றனவா? பெரும்பாலான முரண்கள் இந்த மூன்றாம் சுற்றில்தான் வெளியே வரும். அப்போது திருத்த வேண்டியது சில சமயம் மொழிபெயர்ப்பாக இருக்காது, படிவமாக இருக்கும்.

நோட்டரியிடம் போகும்போது மூல ஆவணமும் கையில் இருக்கட்டும். அஃபிடவிட்டில் மொழிபெயர்ப்பாளர் நேரில் கையெழுத்திட வேண்டும். நீங்கள் அவருக்காகப் போய் முத்திரை வாங்கிவர முடியாது.

ஸ்கேன் செய்து ஏற்றுவது

ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரே பி.டி.எஃப். வரிசை: மூலத் தமிழ்த் தாள், மொழிபெயர்ப்பு, சான்றுரை, இருந்தால் அஃபிடவிட். மூலத்தை ஒரு கோப்பிலும் மொழிபெயர்ப்பை வேறு கோப்பிலும் ஏற்றினால், அதிகாரியின் திரையில் இரண்டும் அடுத்தடுத்து வரும் என்ற உறுதி கிடையாது. வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் நீல முத்திரை மங்கிவிடும். 200 முதல் 300 டி.பி.ஐ. போதும். கனடாவின் இணைய விண்ணப்பத்தில் ஒரு கோப்பு 4 எம்.பி.யைத் தாண்டக் கூடாது, ஆஸ்திரேலியாவில் 5 எம்.பி. செல்போனில் எடுத்த படங்களை அப்படியே சேர்த்தால் இரண்டே பக்கத்தில் அளவு நிரம்பிவிடும், ஓரமும் வெட்டுப்படும். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், ஆவணம் எதுவென்று தெரியும்படி வையுங்கள். தமிழ் எழுத்தில் வைத்தால் சில தளங்கள் ஏற்பதில்லை.

முகப்புக் கடிதத்தின் முடிவில் மொழிபெயர்த்த ஆவணங்களின் பட்டியலைத் தாருங்கள். பெயர் வேறுபாடு, மாவட்டப் பிரிவு போன்ற விளக்கங்கள் அங்கே ஓரிரு வரியில் போதும். ஏற்றிய பிறகு பிழை தெரியவந்தால், பழைய தாளைத் திருத்தி எண்களை மாற்றாதீர்கள். மொழிபெயர்ப்பாளரிடமே புதிய தேதியிட்ட திருத்திய மொழிபெயர்ப்பை வாங்கி, எந்த வரி ஏன் மாறியது என்ற சிறு கடிதத்துடன், கூடுதல் ஆவணம் அனுப்ப அந்த நாடு வைத்திருக்கும் வழியில் அனுப்புங்கள். முடிவு வரும்வரை மொழிபெயர்ப்பாளரின் தொலைபேசி எண் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பின் ஒரு பிரதி அவரிடமும் இருக்கட்டும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.